மஞ்சள் எனாமல்

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீ, அண்ணி, உன் வலது தோள்பட்டை மூவரும் எப்படி? ஏணியில் ஏறி விளம்பரப் பலகை எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்து என்று சொன்னால் கேட்கிற ஆளா நீ.

இந்த நிவாரண முகாமுக்கு நர்ஸாக வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. காலில் சேற்றுப்புண், மற்றபடி குறையில்லை. ஆஸ்பத்திரி என்று பெயர்தான், முன்பு பள்ளிக்கூடமாக இருந்ததாம். குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் அறை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த கிடங்கு. பழப்பெட்டிகளில் துணி விரித்துப் பதினொரு குழந்தைகளைப் படுக்க வைத்திருக்கிறோம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றே ஒன்று. அதன் குழாயை மூன்றாகப் பிரித்து மூன்று மூக்குகளுக்குக் கொடுக்கிறோம். நான்காவதாக ஒன்று மூச்சுக்குத் திணறினால், மூன்றில் எது கொஞ்சம் தேவலை என்று பார்த்து அதன் குழாயைக் கழற்ற வேண்டும். அந்த வேலையை டாக்டரம்மா என் தலையில் கட்டியிருக்கிறார். 

போன வாரம் ஒரு பெண் குழந்தை வந்தது. ஒரு கிலோகூட இல்லை. சுண்டைக்காய் என்று பெயர் வைத்திருக்கிறேன். அம்மாக்காரி தினமும் கூடாரத்திலிருந்து நடந்து வந்து, பெட்டியின் ஓரமாக உட்கார்ந்து, அதன் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர்கள் பேச்சில் எனக்குத் தெரிந்தது பத்து வார்த்தை. அதனால் நானும் அவளும் சிரித்தே சமாளிக்கிறோம்.

எங்களுக்கு இன்னொரு மெஷின் வேண்டும். சபை வாசலில் ஜெபக் குறிப்பு போர்டு இருக்கிறதல்லவா, அதில் உன் கையால் எழுதிப் போடு. துணிமணி வேண்டாம், காலண்டர் வேண்டாம். மெஷின் மட்டும். தபால் எல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் நிவாரண லாரியில்தான் வரும், போகும். உடனே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை

—

மார்ச் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். தோள்பட்டை மட்டும் இன்னும் இரட்சிக்கப்படவில்லை. உன் சேற்றுப்புண்ணை அசட்டையாக விடாதே.

நீ கேட்டபடி போர்டில் முதல் வரியாக எழுதிவிட்டேன். "குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் மெஷின்." நிழல் கொடுத்து, வெள்ளை எழுத்தில், ரோட்டிலிருந்து படிக்கலாம். நம் போர்டின் முறை உனக்குத் தெரியும். கேட்டது வெள்ளை சாக்பீஸில். வந்து சேர்ந்தால் பக்கத்திலேயே மஞ்சளில் "கிடைத்தது". போதகர் இப்போது புதிதாக ஒன்று போதிக்கிறார். கேட்கும்போதே பெற்றுக்கொண்டோம் என்று நம்பி நன்றி சொல்ல வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பெண்கள் சங்கத்தார் ஒரு பெட்டி அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், மனசு நோகும் என்றார்கள். அதிலே உனக்கு ஒரு கேமரா இருக்கும். அமுக்கினால் அந்த இடத்திலேயே படம் வெளியே வரும். மிஷனரி ஞாயிறு ஆராதனையில் காட்ட ஒரு படம் வேண்டும். உனக்கு முன்னால் அங்கே இருந்த நர்ஸ் அனுப்பியதெல்லாம் மூக்கில் குழாய், கையில் ஊசி. பார்த்துவிட்டு, "ஐயோ, இதெல்லாம் எதுக்குக் காட்டுறீங்க, சாப்பாடு இறங்கல" என்று சபையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பார்த்தால் மனசு குளிர்கிற மாதிரி ஒன்று எடுத்து அனுப்பு. படம் நன்றாக இருந்தால் மெஷின் தானாக வரும்.

அண்ணி கேட்கச் சொல்கிறாள்: "வேளைக்குச் சாப்பிடுறியா, இல்ல அங்கயும் பட்டினி கிடக்குறியா?"

உன் அண்ணன்

—

மார்ச் 31

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அங்கும் சுகம் என்று நம்புகிறேன். அண்ணியிடம் சொல், வேளைக்குச் சாப்பிடுகிறேன். ஆனால் பெட்டி வந்த அன்றைக்குச் சாப்பிடவில்லை.

திறந்ததும் ஒரு வாடை அடித்தது பார், டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். துவைக்காத ரவிக்கைகள், கக்கத்தில் வியர்வைக் கறையோடு. இடது கால் செருப்பு ஏழு. வலது கால் இரண்டு. அடியில் போன வருஷத்துக் காலண்டர்கள். பாதி தீர்ந்த இருமல் மருந்து ஒன்று உடைந்து ஊற்றி எல்லாவற்றையும் பிசுபிசுவென்று ஒட்ட வைத்திருந்தது. ஒரு சால்வையை உதறினேன், உள்ளேயிருந்து ஒரு பல்செட் விழுந்தது. யாரோ கிழவரோ கிழவியோ போட்டுக் கழற்றிய பல்செட், அண்ணா. இரண்டு பல்லின் நடுவில் கறுப்பாக என்னவோ அப்படியே இருந்தது. ஒரு குச்சியால் தள்ளித்தான் குப்பையில் போட்டேன். இதை எடுத்துப் பெட்டியில் வைத்த கை, அடுத்த நிமிஷம் கூப்பி ஜெபமும் பண்ணியிருக்கும்.

சால்வைகள் மூன்று நன்றாக இருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேமராவில் இருந்த பத்து ஃபிலிமில் ஒன்பது வெயிலில் வெந்துபோயிருந்தன. ஒன்றுதான் உருப்படி. சுண்டைக்காயை எடுத்தேன். படம் இதோடு இருக்கிறது. நீ கேட்ட மாதிரியே வந்திருக்கிறது. அதைப் பற்றி வேறு எதுவும் கேட்காதே.

மெஷின் இப்போது கரகரவென்று இழுக்கிறது. லாரி டிரைவர் திறந்து பார்த்து, "தூசி அடைச்சு உள்ள நாசமா இருக்கு, ரொம்ப நாள் வராது" என்றார். புதுசு எப்போது கிளம்பும் என்று எழுது.

தோளுக்கு ஒத்தடம் கொடு.
உன் தங்கை

—

ஏப்ரல் 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே சுகத்துக்கு மேல் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். பல்செட் விஷயத்தை அண்ணியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவள் சிரித்துச் சிரித்துப் பிறகு அழுதாள்.

படத்தைப் பார்த்தோம். என்ன முகம் அது. கண் பாதி திறந்து, வாயோரம் சுழித்து, மூக்கில் ஒரு குழாய் இல்லை, ஒன்றும் இல்லை, கோவில் சிற்பி செதுக்கின மாதிரி. போதகர் பிரசங்கத்தின் நடுவில் அதைத் தூக்கிக் காட்டினார். "கேட்டோம், கொடுத்துட்டாரு. பிள்ளை தானா மூச்சு விடுது பாருங்க" என்றார். சபையே எழுந்து நின்றது. பெண்கள் சங்கத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

படம் இப்போது போர்டில் இருக்கிறது, மெஷின் வரிக்குப் பக்கத்தில், நல்ல பசை போட்டு. மஞ்சள் எழுத்தும் ஏறிவிட்டது. இந்த முறை சாக்பீஸ் இல்லை, எனாமல் பெயிண்ட். சாக்பீஸ் சந்தேகப்படுகிறவனுக்கு, அழிக்க வசதியாக, என்று போதகர் சொன்னார். மெஷின் எந்த வழியாக வருகிறதோ தெரியாது, ஆனால் வரும். ஒருவேளை இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்திருக்கும்.

அடுத்த தேவை என்ன என்று எழுது. முதல் வரி காலியாகிவிட்டதல்லவா.

தோள் பரவாயில்லை.
உன் அண்ணன்

—

மே 19

அண்ணா,

சுகமா என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை. இருப்பாய்.

என்ன கிடைத்தது? யாருக்குக் கிடைத்தது? இங்கே மெஷின் வரவில்லை. கப்பலிலும் இல்லை, லாரியிலும் இல்லை, எவர் கையிலும் இல்லை. பழைய மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் சூடாகி நின்றுவிடுகிறது. ஈரத்துணி போட்டு ஆற வைத்து மறுபடி ஓட்டுகிறோம். நீங்கள் அங்கே எழுந்து நின்று கைதட்டியிருக்கிறீர்கள்.

"மஞ்சள் எழுத்து ஏறிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். அதுவாகவா ஏறியது? அந்த ஊரில் பிரஷ் பிடிக்கத் தெரிந்தவன் எத்தனை பேர்?

எனக்கும் விசுவாசம் உண்டு. தினமும் காலையில் அந்த மெஷின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறேன். ஆனால் வராததை வந்தது என்று எழுதுவதற்கு எங்கள் வார்டில் வேறு பெயர். பொய்க் கணக்கு எழுதும் நர்ஸை டாக்டரம்மா வெளியே அனுப்பிவிடுவார்.

சுண்டைக்காய் இப்போது ஒரு கிலோ நானூறு கிராம். அவள் அம்மா எனக்கு நூறு வார்த்தை கற்றுக்கொடுத்துவிட்டாள். அந்த எழுத்தை அழி. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே அழி.

உன் தங்கை

—

ஜூன் 20

அண்ணா,

இரண்டு லாரி வந்தாயிற்று, உன் கடிதம் இல்லை. கோபமோ, உடம்பு சரியில்லையோ தெரியவில்லை. உடம்பாக இருந்தால் அண்ணியை எழுதச் சொல்.

மெஷின் ஜூன் 9 அன்று நின்றது. புகை வந்தது, அவ்வளவுதான். அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் மூன்று இருந்தன. பாலம் அடித்துக்கொண்டு போனதால் லாரி வரவில்லை. 13ஆம் தேதி மத்தியானம் மூன்றாவது சிலிண்டரும் தீர்ந்தது. மற்ற இரண்டு குழந்தைகளும் எப்படியோ இழுத்துப் பிடித்துக்கொண்டன. சுண்டைக்காய்க்கு முடியவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குப் போய்விட்டாள். அவள் அம்மா பாதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். போய்விட்டது என்று நான் சொன்ன பிறகும் விரலை எடுக்கவில்லை.

இதை ஜெபக் கூட்டத்தில் வாசிக்காதே.

உன் தங்கை

—

ஜூன் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் கேட்கிறேன். உன் மே மாதக் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உட்கார்ந்து எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்தான் எழுதினேன். போதகர் சொன்னார், நான் எழுதினேன். ஏணி போட்டு, ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். அந்தத் "கி"யின் வளைவு அத்தனை நன்றாக வந்ததே என்று கீழே இறங்கி நின்று ரசிக்கவும் செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சாமான் கடைக்காரர் ஒருவர் நம் சபைக்கு வருவார், கடைசி பெஞ்ச், யாரோடும் பேசமாட்டார். போன வாரம் அவர் கடைக்குப் பலகை எழுதப் போனேன். பேச்சுவாக்கில் சொன்னார், "உங்க தங்கச்சி ஊழியம் பண்ற இடத்துக்குன்னு ஒரு மெஷின் எடுத்துப் பேக் பண்ணி வெச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை வந்து சொல்லலாம்னு வந்தா போர்டுல கிடைச்சிருச்சுன்னு போட்டிருக்கு. படத்தையும் பார்த்தேன். பிள்ளை நல்லா இருக்கு. சரி, யாரோ முந்திக்கிட்டாங்கன்னு முதியோர் இல்லத்துக்குக் குடுத்துட்டேன்." பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பாப்பா. அவர் தண்ணீர் கொடுத்தார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், திட்டாதே. அந்தப் படத்தில் குழாய் இல்லையே. குழாய் வேண்டாத அளவுக்குப் பிள்ளை தேறிவிட்டது என்றுதானே நாங்கள் நினைத்தோம்? நீ கேட்காதே என்று எழுதியிருந்தாய். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் இன்னொன்று வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் ஆகுமாம். சுண்டைக்காயிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

உன் அண்ணன்

—

ஜூலை 21

அண்ணா,

நீ பொறுக்கச் சொல்லி எழுதியபோது அவள் போய்ப் பதினொரு நாள். இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இதற்குள் என்னுடையது உனக்குக் கிடைத்திருக்கும்.

கேட்டாய், சொல்கிறேன். குழாயை நான் கழற்றினேன்.

அன்றைக்கு எந்தக் குழந்தையும் காத்துக்கொண்டிருக்கவில்லை. யாருடைய மூச்சுக்காகவும் இல்லை. படத்துக்காக. ஒரே ஃபிலிம், மூக்கில் குழாயோடு எடுத்தால் அங்கே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மெஷின் வராது. அம்மாக்காரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கன்னத்துப் பிளாஸ்டரை உரித்து, குழாயை எடுத்துத் தலைக்குப் பின்னால் மறைத்தேன். கன்னத்துச் சிவப்பு மறையட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். இருபது எண்ணும்வரை. வாயோரம் சுழித்திருக்கிறது என்று ரசித்தாயே, அது மூச்சுக்கு. உதடு நீலமாகத் தொடங்கியதும் படம் எடுத்துவிட்டுக் குழாயை மாட்டினேன். பழையபடி ஆகிவிட்டாள். அதனால் அவள் சாகவில்லை என்று டாக்டரம்மா சொல்கிறார். அது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று நன்றி சொன்னது அந்த இருபது எண்ணிக்கைக்குத்தான்.

பெட்டியைத் திறந்து உங்களைப் பார்த்து அருவருத்தேனே, என் கையை என்ன செய்வது? அதே கையால்தான் காலையில் மெஷினைத் தொட்டு ஜெபம் பண்ணினேன். இப்போது சோறு அள்ளி வாயருகே கொண்டுபோனால், அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே போட்டுவிடுகிறேன்.

நேற்று சுண்டைக்காயின் அம்மா வந்தாள். அந்தப் படத்தைக் கேட்டாள். பிள்ளையின் முகத்தைக் குழாய் இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை. உயிர் போன பிறகு கழற்றினோம், அதை முகம் என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. படம் எடுத்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். எப்படி எடுத்தேன் என்று தெரியாது. வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போர்டிலிருந்து எடுத்து அனுப்பு.

உன் தங்கை

—

ஆகஸ்ட் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம், அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நீ சாப்பிட வேண்டும். அண்ணி இந்த வரியை இரண்டு தரம் எழுதச் சொன்னாள். நீ சாப்பிட வேண்டும்.

நீ அழிக்கச் சொன்ன கடிதம் வந்து இரண்டு மாதமாகியும் துணியாதவன், போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரத்தில், டர்பன்டைனும் பிளேடும் எடுத்துக்கொண்டு ஏணி ஏறினேன். போதகர் வந்து, "என்ன பண்றீங்க? சபைக்கு முன்னால விசுவாசத்தைச் சுரண்டுறீங்களே" என்றார். "என் எழுத்தைத்தான் சுரண்டுறேன் ஐயா, எழுதினவன் நான்" என்றேன். பெண்கள் சங்கத் தலைவி, மெஷின்தான் வரப்போகிறதே, அப்படியே விட்டால் எழுத்து உண்மையாகிவிடுமே என்றார். அண்ணி அவரிடம், "பிள்ளை திரும்பி வருமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு ஏணியை யாரும் பிடிக்கவில்லை, அந்தக் கடைக்காரர் ஒருவரைத் தவிர.

எனாமல் லேசில் போகவில்லை. பலகையே குழியாகிவிட்டது. அந்த இடத்தில் சாக்பீஸால் எழுதியிருக்கிறேன்: "கேட்டோம். வரவில்லை. பிள்ளை இறந்துவிட்டது." அடுத்த நாள் காலையில் யாரோ துடைத்திருந்தார்கள். மறுபடி எழுதினேன். தினமும் துடைக்கிறார்கள், தினமும் எழுதுகிறேன்.

படத்தைக் கிழியாமல் எடுத்துவிட்டேன். ஆனால் நான் எழுதும்போது பிரஷ் அதன் மேலும் ஏறியிருக்கிறது. "கிடைத்தது" என்பதில் பாதி படத்தின் மேல் இருக்கிறது, பிள்ளையின் போர்வையிலிருந்து மோவாய் வரை. டர்பன்டைன் பட்டால் முகமே கரைந்துவிடும். வெட்டினால் மோவாய் போய்விடும். அப்படியே அனுப்புகிறேன். மன்னித்துக்கொள் என்று அந்த அம்மாவிடம் சொல்.

மெஷின் வந்துவிட்டது. துறைமுகத்துக்கு நானே கூடப் போய் ஏற்றிவிட்டேன். ரசீது உள்ளே இருக்கிறது. போதகர் உன்னிடமிருந்து ஒரு சாட்சிக் கடிதம் கேட்கிறார், மெஷின் கிடைத்ததைப் பற்றி. எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

உன் அண்ணன்

—

செப்டம்பர் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்றே எழுதுகிறேன். சேற்றுப்புண் ஆறிவிட்டது. இரண்டு வேளை சாப்பிடுகிறேன், அண்ணியிடம் சொல். உன் தோளால் இனி ஏணி ஏறாதே, போர்டைக் கீழே இறக்கி மாட்டு.

மெஷின் 6ஆம் தேதி வந்தது. நல்ல மெஷின். நான்கு குழந்தைகள் அதில் இருக்கிறார்கள். சத்தமே இல்லை. காலையில் அதன் மேல் கை வைக்கிறேன், கேட்கிறேன். நன்றி சொல்ல இன்னும் வாய் வரவில்லை, வந்தால் எழுதுகிறேன்.

படத்தை அம்மாக்காரியிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே நெடுநேரம் பார்த்தாள். மூக்கைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். பிறகு மஞ்சளைத் தொட்டு, இது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இப்போது அவர்கள் பேச்சு எனக்கு வந்துவிட்டது, தப்பும் தவறுமாக. "கிடைத்தது என்று எழுதியிருக்கிறது" என்றேன். என்ன கிடைத்தது என்று கேட்டாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளையின் பெயர் என்றோ ஆசீர்வாதம் என்றோ சொன்னால் நம்பியிருப்பாள். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு, படம், அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், குழாய், இருபது எண்ணிக்கை. வார்த்தை தெரியாத இடத்தில் கையால் காட்டினேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. அந்தப் பல்செட் விழுந்தபோது நான் அதை எப்படிப் பார்த்தேனோ, அப்படி என்னைப் பார்த்தாள். படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தவள், என் வரிசையில் நிற்காமல் மற்ற நர்ஸின் வரிசையில் போய் நின்றாள்.

சாட்சிக் கடிதம் கேட்டார்களல்லவா, இதுதான். ஞாயிற்றுக்கிழமை முன்னால் நின்று நீயே வாசி. ஒரு வரிகூட விடாதே. பல்செட் உட்பட.

மெஷினுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஃபில்டர் மாற்ற வேண்டும். அதைப் போர்டில் எழுது. சாக்பீஸில். வந்துவிட்டது என்று நான் எழுதும்வரை பக்கத்தில் எதுவும் எழுதாதே.

உன் தங்கை